நாங்கள் என்பதும் நாம் என்பதும்

பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்திலிருந்து லூவேன் நகருக்குத் தொடர்வண்டியில் ஏறத்தாழக் கால் மணி நேரப் பயணம். ஒன்றரை ஆண்டுப் பிரிவு அந்தக் கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில், எங்களில் ஒன்பது வயதானவள் சன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி அமர்ந்திருந்தாள். நடைமேடையில் தாய் காத்து நின்றார். நாள்தோறும் கைப்பேசித் திரைக்கு முத்தமிட்டுப் பழகிய மகள், நேரில் கண்டதும் தந்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றிரவு காதோடு சொன்னாள்: “அம்மா இன்னும் உயரமா இருப்பாங்கன்னு நினைச்சேன்.” திரையில் முகம் மட்டுமே தெரியும், உயரம் தெரியாது. நீட்டிய கைகளை மெல்ல மடக்கிக்கொண்ட அந்தத் தாயின் முகத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

நாங்கள் போனது வெறும் பார்வைக்காக அன்று என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகையுடன் முனைவர் ஆய்வுக்கு அவருக்கு இடம் கிடைத்தபோது வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். பங்கு ஆலயத்தில் நன்றித் திருப்பலியும் ஒப்புக்கொடுத்தோம். ஆனால் நாட்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டைக் கடந்தபோது அந்த மகிழ்ச்சி தேய்ந்தது. ஆச்சிக்கு முழங்கால் வலி. மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் அவள் கேட்ட பெயர் ஒன்றே ஒன்று. “பெண்சாதியைப் படிக்க அனுப்பிவிட்டு இவன் பிள்ளைக்குச் சடை பின்னுகிறான்” என்று ஆலய வாசலிலேயே ஒருவர் சிரித்தார். கணவன் படிக்கப் போயிருந்தால் அதே வாய் மனைவியைப் பொறுமைசாலி என்று புகழ்ந்திருக்கும். அது தெரிந்திருந்தும் அந்தச் சிரிப்பு உள்ளே தைத்தது. பள்ளியில் விடுப்புப் பெற்று, புனித வாரத்தில் போவதென்று முடிவு செய்தபோது, இன்னொரு முடிவையும் சேர்த்தே எடுத்திருந்தோம். “போதும், எங்களோடு வந்துவிடு” என்று சொல்லி அவரை அழைத்து வருவது என்பதே அது. விமானத்தில் மகள், “அம்மாவுக்கும் டிக்கெட் வாங்கிடலாமா?” என்று இரு முறை கேட்டாள்.

புதன்கிழமை அவர் தம் ஆய்வுக்கூடத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். அவரது ஆய்வு வாழையைப் பற்றியது. வாழை விளையாத குளிர்நாட்டில் வாழைக்கென்ன வேலை என்று ஊரில் பலர் கேட்டதுண்டு, நாங்களும் கேட்டதுண்டு. உலகிலேயே மிகப் பெரிய வாழை இனத் தொகுப்பு லூவேன் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. 1985 முதல் ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் எனப் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்த 1,500-க்கும் மேற்பட்ட வகைகள் அங்கே காக்கப்படுகின்றன. தோப்பு எதுவும் இல்லை. மங்கலான விளக்கொளியில், 16 பாகை வெப்பநிலை கொண்ட அறையில், அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்தில் ஒரு பச்சைக் கன்று. குளிரும் குறைந்த ஒளியும் வளர்ச்சியை மெதுவாக்குவதால் அவை பல மாதங்கள் அப்படியே உயிரோடு இருக்கும். இன்னும் நெடுங்காலம் காக்க வேண்டியவற்றின் திசுக்களைத் திரவ நைட்ரசனில், சுழியத்துக்குக் கீழ் 196 பாகையில் உறைய வைக்கிறார்கள். எந்த நாட்டிலாவது ஒரு வகை அழிந்துபோனால், நோயற்ற கன்றுகளாக இங்கிருந்து அதை அனுப்பிவைக்க முடியும்.

எங்கள் வீட்டுக்கு இது புதிய கதை அன்று. தாமிரபரணிக் கரையில் அவருடைய தந்தையார் வைத்திருந்த ரஸ்தாளித் தோட்டம் வாடல் நோயில் போயிற்று. மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சை வேர் வழியே ஏறித் தண்டின் நீர்ப்பாதையை அடைத்துவிடும். இலைகள் பழுத்துத் தொங்கும். தார் முற்றுமுன் மரம் சாய்ந்துவிடும். மருந்தடித்துத் தீர்க்கும் நோயன்று. ஒருமுறை மண்ணில் புகுந்தால் பல்லாண்டுகள் தங்கிவிடும். ரஸ்தாளி அதற்கு எளிதில் பலியாகும் இனம். இந்த நோயால்தான் ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்ட குரோஸ் மிஷல் என்ற வாழை 1950-களிலும் 60-களிலும் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து மறைந்தது. அதன் இடத்தைப் பிடித்த கேவண்டிஷ் வாழையையும் அதே நோயின் புதிய வகை இன்று அச்சுறுத்துகிறது. சாய்ந்த மரங்களுக்கு நடுவே தந்தை வாய் பேசாமல் நின்ற காலைப்பொழுதை அவர் சிறுமியாகப் பார்த்தவர்.

“தாத்தா ரஸ்தாளி இங்கே இருக்கா?” என்று மகள் கேட்டாள். அந்த இனத்தைச் சேர்ந்த ஒரு கன்றைத் தாய் எடுத்துக் காட்டினார். ஊரை விட்டு வந்த பிறகு முதன்முறையாக மகள் தாயின் அருகே ஒட்டி நின்றாள். கண்ணாடியைத் தொடாமல், மூச்சுப் படாமல், நெடுநேரம் பார்த்தாள். நாங்கள் கொண்டுவந்த சொல் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டது. ஆனாலும் மறையவில்லை.

பெரிய வியாழன் பிற்பகலில் புனித பேதுரு ஆலயத்துக்குப் போனோம். அங்கே டியரிக் பவுட்ஸ் என்ற ஓவியர் 1464 முதல் 1468 வரை வரைந்த இறுதி இராவுணவுப் பீட ஓவியம் உள்ளது. யூதாசின் துரோகத்தை அறிவிக்கும் நேரத்தை அவர் வரையவில்லை. ஆண்டவர் வலக்கையை உயர்த்தி அப்பத்தை ஆசீர்வதிக்கும் நேரத்தை வரைந்திருக்கிறார். வெள்ளைத் துணி விரித்த மேசை, பளிங்கெனத் துலங்கும் தரை, பரிமாற நிற்கும் பணியாளர்: ஒரு வீட்டின் உணவறை போலவே இருக்கிறது. நடுவே இக்காட்சி, இருபுறமும் கதவு போல மூடித் திறக்கும் சிறகுகளில் பழைய ஏற்பாட்டின் நான்கு காட்சிகள். ஆபிரகாமுக்கு அப்பமும் இரசமும் கொண்டுவரும் மெல்கிசெதேக்கு, பாஸ்கா உணவு, மன்னா பொறுக்கும் மக்கள், பாலைவனத்தில் உறங்கும் எலியாவை எழுப்பி உண்ணச் சொல்லும் வானதூதர்.

இந்தச் சிறகுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்கப்பட்டு, இரண்டு பெர்லினுக்கும் இரண்டு மியூனிக்குக்கும் போய்ச் சேர்ந்தன. நடுப்பலகை மட்டும் லூவேனிலேயே தங்கிற்று. முதல் உலகப்போருக்குப் பின் 1919-இல் எழுதப்பட்ட வெர்சாய் உடன்படிக்கை, அவற்றைத் திருப்பித் தருமாறு பெயர் சொல்லியே ஆணையிட்டது. சேர்ந்த ஓவியத்தை 1942-இல் மீண்டும் பிரித்துக் கொண்டுபோயினர். போர் முடிந்ததும் மறுபடி திரும்பி வந்தது. இதை அவர் சொல்லி முடித்ததும் மகள் கேட்டாள்: “அவங்க இல்லாதப்போ நடுவில் இருந்த படம் அழிஞ்சா போச்சு?” “இல்லையே, அது அப்படியே இருந்தது” என்றார் தாய்.

ஆலயத்துக்கு வெளியே ஒரு பலகையில் அமர்ந்தபோது, நாங்கள் வாய் திறக்குமுன் அவரே பேசினார். “எதற்காக வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வா என்று நீங்கள் சொன்னால் வந்துவிடுவேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்புகிற செய்தியில் எல்லாம் ‘நாங்கள் நலம்’ என்றே எழுதுகிறீர்கள். நாங்கள் கோயிலுக்குப் போனோம், நாங்கள் சாப்பிட்டோம், நாங்கள் தூங்கப் போகிறோம். அந்த ‘நாங்கள்’ என்பதற்குள் நான் இல்லை. இரவில் அதைப் படித்துவிட்டு எத்தனை நாள் அழுதிருக்கிறேன், தெரியுமா?”

எங்களிடம் மறுமொழி இல்லை. பிற மொழிகள் பலவும் ஒரே சொல்லால் சொல்லிவிடுவதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை வெளியே நிறுத்தினால் நாங்கள். குழந்தைப் பருவம் முதல் பிழையின்றிப் பேசிவந்த இலக்கணம். அதற்குள் ஒரு கதவு இருந்ததும், அதை இந்த ஒன்றரை ஆண்டாக நாங்கள் உள்ளிருந்து தாழிட்டிருந்ததும் தெரியாமல் போயிற்று. அவர் எங்களை விட்டுப் போனதாக எண்ணிக்கொண்டிருந்தோம். நாங்களும் அவரை விட்டிருந்தோம்.

புனித வெள்ளியன்று விடுதியின் பொதுச் சமையலறையில் அவர் கஞ்சி காய்ச்சினார். பின்னர் புனித அந்தோணியார் சிற்றாலயத்தில் புனித தமியானின் கல்லறைக்குச் சென்றோம். லூவேனுக்கு அருகிலுள்ள ட்ரெமெலோ என்ற சிற்றூரில் 1840-இல் பிறந்து, 1863-இல் கப்பலேறியவர். 1873 முதல் மொலக்காய்த் தீவில் தொழுநோயாளருடன் வாழ்ந்து, அந்நோயாலேயே 1889-இல் இறந்தவர். அவர் உடல் 1936-இல்தான் தாய்மண் திரும்பியது. பெற்ற தாயை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. அந்தத் தாயின் பெயரால் அங்கே ஒரு மன்றாட்டுச் சொன்னோம். எங்கள் பிரிவை அதோடு ஒப்பிடுவது தகாது. ஆனால் தகாது என்று உணர்வதே அன்று எங்களுக்குப் பாடமாயிற்று.

வியாழன் முதல் பாஸ்கா திருவிழிப்பு வரை மணிகள் ஓய்ந்திருப்பதை நம் பங்குகளிலும் அறிவோம். அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதற்கொரு கதை சொல்கிறார்கள்: மணிகள் எல்லாம் உரோமைக்குப் பறந்துபோய், உயிர்ப்புப் பெருவிழாவன்று முட்டைகளோடு திரும்பி வருமாம். ஞாயிறு காலை மணியோசை கேட்டதும் மகள் விடுதித் தோட்டத்துக்கு ஓடினாள். செடிகளுக்கடியில் சாக்லேட் முட்டைகள் நான்கு. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தனக்கு. நான்காவதை ஆச்சிக்கென்று கைக்குட்டையில் முடிந்துவைத்தாள். டிக்கெட்டைப் பற்றி அதன்பின் அவள் கேட்கவில்லை.

விடைபெறும் நாளில் அதே நடைமேடை. இம்முறை மகள் ஒளியவில்லை. வண்டி வந்த பிறகும் தாயின் கழுத்தை விடவில்லை. “படித்து முடித்துவிட்டு வா, வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டு ஏறினோம். அதைச் சொல்வது எளிதாக இருந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருக்கின்றன. ஆச்சியின் முழங்கால் வலி குறையவில்லை. ஆலய வாசலில் சிரித்தவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார். பாலைவனத்தில் எலியாவுக்குக் கிடைத்தது பயணத்தின் முடிவன்று, அடுத்த நடைக்கான அப்பம் மட்டுமே. எங்களுக்கும் அவ்வளவுதான் கிடைத்தது, அவ்வளவு போதும்.

வீட்டுக்குள் பெட்டிகளை இறக்கியதும் மகள் கைப்பேசியை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தாய்க்குச் செய்தி அனுப்பினாள்: “நாம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம்.” இலக்கணப்படி அது பிழை. திருத்தாமல் விட்டுவிட்டோம்.