அப்பாவின் வலது கை

பள்ளி விடுமுறைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். அக்காள் குடும்பம் கேலாங்கில் இருக்கிறது. கேலாங் சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் கொண்ட லோரோங்குகள், மறுபக்கம் இரட்டைப்படை லோரோங்குகள். கணக்குப் பாடம் நடத்துகிற எனக்கு வழி தவறவே இல்லை.

அத்தானிடம் பழைய லேண்ட்ரோவர் டிஃபென்டர் ஒன்று இருக்கிறது. நம் தோட்டத்துத் துரைமார் செம்மண் சாலையில் ஓட்டிப் போவார்களே, அந்த வகை வண்டிதான். 2016ஆம் ஆண்டு சனவரியோடு பழைய டிஃபென்டர் தயாரிப்பு நின்றுபோனது. அத்தான் அதைப் பிள்ளையைப்போல் பராமரிக்கிறார். எங்கள் எல்லோரையும் அதில் ஏற்றிக்கொண்டு குவாந்தான் வரை போய்வர வேண்டும் என்பது அவர் திட்டம். அம்மாவுக்கு இன்சுலின் ஊசி உண்டு. மருந்தைக் குளிரில் வைக்க ஒரு சிறு ஐஸ்பெட்டி வாங்கிவிட்டார். அதற்கு மின்சாரம் கொடுக்க இரண்டாவது பேட்டரி வேண்டும். பேட்டரியையும் சாமான்களையும் வைக்க வண்டியின் பின்பக்கம் ஒரு பெட்டி பொருத்த வேண்டும்.

அம்மாவும் அக்காளும் சிவன் கோவிலுக்குப் போன நேரத்தில் நாங்கள் இருவரும் பட்டறைக்குப் போனோம். கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டிய சீனப் பெரியவர். மலாயில்தான் பேச்சு. சிங்கப்பூரில் வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றிவிட முடியாது. சில மாற்றங்களுக்குத் தரைப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். சில அறவே கூடாது. அதையெல்லாம் அத்தான் முன்பே விசாரித்து வைத்திருந்தார்.

"பெட்டியைத் தரையில் வைத்து ஒரு வாரால் இழுத்துக் கட்டினால் போதாதா? ஓட்டை போட்டு ஏன் தகட்டைக் கெடுக்க வேண்டும்? முப்பது கிலோ பேட்டரி எங்கே ஓடிவிடப் போகிறது, மாப்பிள்ளை?" என்றார் அத்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. ஒரு மூலையிலிருந்து பழைய டயர் டியூப் துண்டு ஒன்றை எடுத்து வந்தார். யாரோ பேட்டரி கட்டியிருந்த ரப்பராம். இரண்டு கையாலும் இழுத்தார். காய்ந்த வாழைநாரைப்போல் பட்டென்று அறுந்தது. "சூடும் எண்ணெயும் பட்டால் ரப்பர் இப்படித்தான் ஆகும். கட்டியவன்மேல் குற்றமில்லை. இரும்புப் பட்டை கொடுக்காதவன்மேல்தான் குற்றம்" என்றார்.

எனக்கு உடம்பு ஒரு கணம் சில்லிட்டது.

என் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர். 1986ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில், பால்வெட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போகும் வழியில், லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஆசனத்துக்குப் பின்னால் மரப்பெட்டியில் இருந்த பேட்டரி சாய்ந்து, அதன் முனை இரும்பில் முட்டித் தீப்பொறி பறந்தது. பின்னால் இருபது பேர் இருந்தார்கள். அப்பா பழுக்கக் காய்ந்த வயரை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். அமிலமும் கையில் கொட்டியது. மற்றவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவின் வலது கை விரல்கள் மட்டும் கடைசிவரை முழுதாக விரியவே இல்லை.

அப்பாவின் அசட்டையால் வந்த விபத்து என்று ஆபீசில் எழுதினார்கள். சம்பளத்திலும் பிடித்தார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. அப்படியேதான் நானும் நம்பினேன். அதைவிடக் கொடுமை, ஆசிரியரான பிறகு வகுப்பில் அதையே பாடமாகச் சொல்லிவந்தேன். "டியூப்பால் கட்டியது போதும் என்று நினைத்தார் என் அப்பா, அசட்டையாக இருந்தால் கை போகும்" என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

பெரியவர் வேலையைத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் கை மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றினார். பேட்டரியின் எதிர்முனை வயரைத்தான் முதலில் கழற்றினார். நேர்முனையில் ஸ்பானர் இருக்கும்போது அதன் மறுநுனி வண்டியின் உடம்பில் பட்டாலும் தீப்பொறி வராமல் இருக்க அதுதான் வழியாம். மாட்டும்போது எதிர்முனை கடைசி. துளை போடுமுன் வண்டிக்கடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டி எங்கே, பிரேக் குழாய் எங்கே என்று பார்த்துக்கொண்டார். தரைத் தகட்டுக்கு அடியில் கனமான இரும்புத் துண்டு கொடுத்துப் போல்ட் முடுக்கினார். இல்லாவிட்டால் வண்டி குலுங்கும்போது மெல்லிய அலுமினியத் தகடு கிழிந்துவிடும் என்றார். பேட்டரிக்கு மேலே இரும்புப் பட்டை. நேர்முனைக்கு மிக அருகிலேயே ஒரு பியூஸ். வயர் தகட்டைத் தாண்டும் இடத்தில் அது உரசித் தேயாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம். ரப்பருக்கு ஏற்ற வேலை அதுதான்! சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரலாம் என்பதால் அது வெளியேற ஒரு குழாய். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரிகளையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் கருவி ஒன்றும் வைத்தார். ஐஸ்பெட்டி இரவு முழுதும் ஓடினாலும் காலையில் வண்டி கிளம்ப வேண்டுமல்லவா?

முடிந்ததும் பெட்டியைப் பிடித்துத் தம் முழுப் பலத்தோடும் உலுக்கினார். பெட்டி அசையவில்லை, வண்டிதான் ஆடியது. அந்தப் பெட்டிக்கு முன்னால் இருக்கும் ஆசனத்தில்தான் அம்மா உட்கார்ந்து வரப்போகிறார். அத்தான் அதைப் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பெரியவர் சொன்னதை அக்காளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உனக்குத் தெரியாதா தம்பி? அப்பா இரும்புப் பட்டை வேண்டும் என்று கிராணியிடம் மூன்று தடவை கேட்டார். கடைசித் தடவை அப்பா சொல்லச் சொல்லக் கடுதாசியே நான்தான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அதற்குள் இப்படி ஆகிவிட்டது" என்றாள்.

"அப்பா ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீ கேட்டாயா?"

அறைக்குள் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

நம் வீடுகளிலும் மோட்டார் சைக்கிள், வேன், லாரி என்று ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இன்று ஒரு நிமிடம் ஒதுக்கிப் பேட்டரி இறுக்கமாக இருக்கிறதா, வயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். அமிலம் கையில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள். பிறர் வண்டியை ஓட்டுகிறவர்கள் குறை கண்டால் வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். எழுதியதற்கு ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். அக்காள் எழுதிய கடுதாசிக்கு நகல் இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அந்தப் பாடத்தை மறுபடியும் நடத்தப்போகிறேன். "என் அப்பா மூன்று தடவை கேட்டார், பிள்ளைகளே" என்றுதான் இந்தமுறை தொடங்குவேன்.