டர்பன் கிங்ஸ்மீட்

டர்பன் கிங்ஸ்மீட் மைதானம் என்றாலே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யுவராஜ் சிங்தான். 2007இல் ஸ்டூவர்ட் பிராடின் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர். நானும் ரசித்தவன்தான். ஆனால் என் கணக்கில் அந்த மைதானத்தின் பெரிய நாட்கள் 1992 நவம்பரில் வந்தவை.

1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறங்கிய ஊர் டர்பன். அவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் நிறவெறிச் சட்டம். கிரிக்கெட் பார்க்கப் போனாலும் வெள்ளையருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம். தேசிய அணியிலோ வெள்ளையர் மட்டுமே.

அந்த நாட்டோடு விளையாடுவதில்லை என்பதில் இந்தியா உறுதியாக இருந்தது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப்போட்டியையே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தோம். நம்ம சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி! கைக்கு எட்டிய கோப்பை. இன்றைக்கு யாராவது அப்படி விடுவார்களா, தெரியவில்லை.

தடை நீங்கியபின், 22 ஆண்டுகள் கழித்து தென்னாப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் டெஸ்ட், அசாருதீன் தலைமையில் போன நம் அணியோடு, இதே கிங்ஸ்மீடில். ஜிம்மி குக்கிற்கு அப்போது வயது 39. நாட்டுக்காக ஒரு டெஸ்ட் ஆட அவ்வளவு காலம் காத்திருந்த மனிதர். கபில்தேவ் போட்ட முதல் பந்திலேயே டெண்டுல்கரிடம் கேட்ச்! எதிரணி என்றாலும் பாவமாகத்தான் இருந்தது. வெள்ளையரல்லாத உமர் ஹென்றியும் 40 வயதில் அவர்கள் அணியில் இடம் பெற்றார். ஆட்டத்தைப் போலவே இதுவும் முக்கியம்.

மறுநாள் டெண்டுல்கர் 11 ரன்னில் இருந்தபோது ரோட்ஸ் பந்தை எறிய, ஹட்சன் ஸ்டம்பைத் தட்டினார். நடுவர் மிட்ச்லி தானே தீர்ப்புச் சொல்லாமல், விரலால் காற்றில் டி.வி. பெட்டி போலச் சதுரம் வரைந்தார். உள்ளே இருந்த மூன்றாம் நடுவர் டி.வி.யைப் பார்த்து அவுட் என்றார். டெஸ்ட் வரலாற்றில் அப்படி அவுட் ஆன முதல் ஆள் நம் சச்சின்தான். இன்று அது தெருக் கிரிக்கெட் பையன்கள்கூடக் காட்டும் சைகை.

பிரவீன் ஆம்ரே தன் முதல் டெஸ்டிலேயே 103 அடித்து அணியைக் காப்பாற்றினார். அவரை இன்று யார் நினைக்கிறார்கள்? ஆட்டம் டிராவில் முடிந்தது.