தாத்தாவின் கையுறை

ஞாயிறு காலையில் தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டுவிட்டு அப்பாவும் நானும் ஃபேரர் பார்க் திடல் பக்கம் நடப்பது வழக்கம். பக்கத்திலிருக்கும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு ஏன் அந்தப் பேர் என்று சின்ன வயதில் கேட்டேன். 1933 வரைக்கும் அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது என்றார். குதிரைகள் புக்கிட் தீமா போன பிறகு திடல் விளையாட்டுக்கு வந்தது. "நம்ம ஊரு காற்பந்தே இந்தப் புல்லுலதான்டா வளர்ந்துச்சு" என்பார். அப்புறம் பேச்சு எப்படியும் ஃபாண்டி அகமதில் போய் நிற்கும்.

ஃபாண்டி எனக்குக் கேள்விக் கதைதான். 1994 டிசம்பரில் அவர் தலைமையில் சிங்கப்பூர் 4-0 என்று பஹாங்கை வென்று மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது நான் பிறக்கவே இல்லை. அப்பாவோ ஷா ஆலமுக்குப் பேருந்தில் போய்த் தொண்டை கட்டித் திரும்பியவர்.

ஃபாண்டியின் அப்பா அகமது வர்தாம் தேசியக் கோல்காப்பாளர். கோலைத் தடுத்தவரின் மகன் கோல் போடுபவராக வளர்ந்தார். அயாக்ஸ் கொடுக்க முன்வந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு, சுராபாயாவின் நியாக் மித்ராவுக்குப் போனபோது அவருக்கு வயது 20. அடுத்த வருஷமே ஐரோப்பா மறுபடி கூப்பிட்டது. 1983 அக்டோபரில், குரோனிங்கன் இண்டர் மிலானை 2-0 என்று வென்ற யூஃபா கிண்ண ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது. சிங்கப்பூருக்காக 101 ஆட்டங்களில் 55 கோல். இப்போது அவருடைய மகன்கள் இர்ஃபான், இக்சான், இல்ஹான் மூவரும் தேசிய ஆட்டக்காரர்கள்.

இதையெல்லாம் கேட்டால் 'ரத்தத்துலயே இருக்கு' என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது திறமை மட்டும் இல்லை, ஓர் அனுமதி. பந்தை உதைப்பதும் ஒரு வேலைதான் என்ற அனுமதி. எங்கள் வீட்டில் அது இல்லை. உயர்நிலை மூன்றில் என் கணக்கு மதிப்பெண் இறங்கியதும் அப்பா என் பூட்ஸை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தார். திட்டவில்லை. "ஓ லெவல் முடியட்டும்" என்றார், அவ்வளவுதான். முடிந்தபோது பூட்ஸ் காலுக்குச் சேரவில்லை. நான் பொறியாளன் ஆனேன். வருத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காத ஒரு கேள்வி இருந்தது.

அனுமதி கிடைத்தவர்களுக்கும் அது சும்மா கிடைப்பதில்லை என்று 2021 கிறிஸ்மஸ் இரவில் பார்த்தேன். நம் தேசிய அரங்கில் இந்தோனீசியாவுடன் ஏஎஃப்எஃப் கிண்ண அரையிறுதி. அப்பாவும் நானும் வீட்டில் டிவி முன்னால். முதலில் சஃபுவானுக்குச் சிவப்பு அட்டை, பிறகு இர்ஃபானுக்கு. தலையைக் குனிந்து வெளியே போன இர்ஃபானைப் பார்த்து அப்பா "பாவம்டா, அப்பா பேரு வேற கூடப் போகுது" என்றார். ஒன்பது பேரோடு நாம் முன்னிலைக்கு வந்தோம், சமநிலையானது, ஒரு பெனால்டியும் வீணானது. கூடுதல் நேரக் கடைசியில் கோல்காப்பாளர் ஹசான் சனியும் வெளியேற்றப்பட்டார். மாற்று ஆட்டக்காரர் இறங்க வழியில்லை. கோல் போட வேண்டிய இக்சான் கையுறையை மாட்டிக்கொண்டு கோல்கம்பத்தின் நடுவில் போய் நின்றார்.

2-4. தோற்றோம்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க தாத்தா நின்ன இடம்டா அது" என்றார்.

எந்தத் தைரியத்தில் என்று தெரியவில்லை, கேட்டேவிட்டேன். "என்னை ஏம்ப்பா நிறுத்தினீங்க?"

கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்ச பாதையிலதானே உன்னைய விட முடியும். அங்க நீ விழுந்தா எனக்குத் தூக்கத் தெரியாது."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் வைத்திருந்ததைத்தான் கொடுத்திருக்கிறார்.

இப்போது வெள்ளி இரவுகளில் ஆபீஸ் நண்பர்களோடு ஐவர் ஆட்டம் ஆடுகிறேன். போன மாதம் "நானும் வரட்டுமா?" என்று கேட்டு அப்பாவும் வந்தார். தண்ணீர் போத்தலோடு வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "பின்னால போடா, பின்னால!" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் முன்கள ஆட்டக்காரன் என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.