கீமேன் மகள் கேட்ட கேள்வி



மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினோம். "அமெரிக்காவுல என்ன மாமா பாத்தீங்க?" என்று மச்சினன் போனில் கேட்டார். "ஒரு ராட்டினம் பாத்தேன்" என்றேன். "நம்ம மாரியம்மன் கோயில் திருவிழாவுலயே ராட்டினம் வருதே, அதுக்கா இருபது மணி நேரம் பிளேன்ல உக்காந்து போனீங்க?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த ராட்டினத்தைப் பார்த்த நாளிலிருந்து, ஏறக்குறைய நாற்பது வருடமாக நான் ஒருவருக்குத் தர வேண்டிய கடன் ஒன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் பிளஸ் ஒன் படித்தவர்களுக்குத் தூக்குவாளி ஞாபகம் இருக்கும். தண்ணீர் ஊற்றி, கயிறு கட்டி, தலைக்கு மேல் செங்குத்தாகச் சுற்றிக் காட்டுவேன். வாளி தலைகீழாக வரும்போதும் ஒரு சொட்டு சிந்தாது. கைதட்டுவீர்கள். (ஒரு வருடம் கயிறு அறுந்து முதல் பெஞ்சு முழுக்க நனைந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.) பிறகு போர்டில் ஒரு வட்டம் போடுவேன். சரிவான பாதையில் ஒரு வண்டி இறங்கி வந்து, அந்த வட்டத்துக்குள் நுழைந்து, தலைகீழாகச் சுற்றி வெளியே வர வேண்டும். விழாமல் சுற்ற எவ்வளவு உயரத்திலிருந்து விட வேண்டும்? வட்டத்தின் ஆரத்தைப் போல் இரண்டரை மடங்கு. ஐந்து மார்க் கேள்வி. நிறுவி, கட்டம் போட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

1986 என்று நினைக்கிறேன். அந்த வகுப்பில் பெண்கள் ஏழு பேர்தான். அதில் ஒருத்தி கை தூக்கினாள். பெயர் எழுதப் போவதில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

"சார், எங்கப்பா ரயில்வேல கீமேன். தண்டவாளத்த ஒரேயடியா வளைக்க மாட்டாங்கன்னு சொல்வாரு. நேரா இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமாத்தான் வளையணுமாம். இல்லன்னா வண்டி உதறுமாம். நீங்க போட்ட படத்துல நேர்கோடு முடிஞ்ச உடனே வட்டம் வந்துடுது. அந்த எடத்துல உள்ள உக்காந்திருக்கவங்க கழுத்து என்ன சார் ஆகும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "கழுத்தப் பத்தி பரீட்சையில கேக்க மாட்டாங்க. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தாள். அந்த வருடமும் அடுத்த வருடமும் அவள் என் வகுப்பில் கை தூக்கவே இல்லை.

இனி ராட்டினத்துக்கு வருகிறேன்.

மகள் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம். பேரனுக்குப் பதின்மூன்று வயது. அவன் பிறந்தநாளுக்கு எல்லோரும் வலென்சியா என்ற இடத்தில் இருக்கும் மேஜிக் மவுண்டன் பூங்காவுக்குப் போனோம். 1971இல் திறந்த பூங்கா அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோலர் கோஸ்டர். பேரன் பெரிய பெரியவற்றையெல்லாம் முடித்துவிட்டு, "தாத்தா, இது பழசு, பயமே இருக்காது, நீங்களும் வாங்க" என்று ஒன்றின் முன்னால் நிறுத்தினான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். மாத்திரை சாப்பிடுகிற ஆள் நான். மகள் முறைத்தாள். பேரனும் மாப்பிள்ளையும் போனார்கள். நானும் உங்கள் டீச்சரம்மாவும் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எதிரே வண்டி சரிவில் இறங்கி, ஒரு லூப்பில் தலைகீழாகச் சுற்றிப் போனது. என் போர்டு படம் உயிரோடு ஓடுகிறது! ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. இன்னொரு வண்டி வந்தது. இன்னொன்று. டீச்சரம்மாதான் முதலில் சொன்னார்: "இது வட்டமா இல்லீங்களே. சிக்குக் கோலத்துல வர்ற சுழி மாதிரில்ல இருக்கு."

வட்டம் இல்லைதான். தலைகீழாகப் பிடித்த நீர்த்துளி போல இருந்தது. உச்சியில் இறுக்கமான சிறிய வளைவு. கீழே வர வர வளைவு தளர்ந்து, நேர்ப்பாதையோடு எங்கே கலக்கிறது என்றே தெரியாமல் கலந்துவிடுகிறது.

அன்று இரவு மகளின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதைப் பற்றி வரிசையாகப் படித்தேன்.

அதன் பெயர் ரெவல்யூஷன். 1976 மே மாதம் திறந்தது. அமெரிக்க சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டு என்பதால் அந்தப் பெயர். சுழற்சி என்றும் புரட்சி என்றும் அந்த ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். நவீன எஃகு ரோலர் கோஸ்டர்களில் செங்குத்து லூப் உள்ள முதல் கோஸ்டர் இதுதான். உயரம் 113 அடி, லூப் மட்டும் 90 அடி. வேகம் மணிக்கு 55 மைல், நம் கணக்கில் 88 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு வந்த 'ரோலர்கோஸ்டர்' என்ற ஹாலிவுட் படத்தின் இறுதிக் காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன.

லூப் போடும் ஆசை அதற்கு வெகு காலம் முன்பே இருந்திருக்கிறது. 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் 'ஃப்ளிப் ஃப்ளாப்' என்ற கோஸ்டர் வந்தது. அதன் லூப் சுமார் 25 அடி விட்டமுள்ள சரியான வட்டம், அச்சு அசல் என் போர்டு படம். ஏறி இறங்கியவர்கள் கழுத்தையும் முதுகையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வருடங்களில் மூடிவிட்டார்கள். 1901இல் அதே கோனி தீவில் எட்வின் பிரெஸ்காட் என்பவர், வட்டத்தை விட்டுவிட்டு முட்டை வடிவில் ஒன்று கட்டினார். அது எவ்வளவோ தேவலை. ஆனால் ஒரு வண்டியில் நான்கு பேர்தான் போக முடியும். ஏறியவர்களைவிட வேடிக்கை பார்த்தவர்கள்தான் அதிகம், வேடிக்கைக்கும் காசு வாங்கினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் லூப் என்ற பேச்சையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

கதவை மறுபடி திறந்தது எஃகுக் குழாய். அதுவரை மரச் சட்டங்களின் மேல்தான் பெரும்பாலும் பாதை போட்டார்கள். மரத்தை நினைத்தபடியெல்லாம் வளைக்க முடியாது. 1959இல் டிஸ்னிலேண்டில் ஏரோ என்ற நிறுவனம் குழாய் வடிவ எஃகுத் தண்டவாளத்தில் மேட்டர்ஹார்ன் என்ற கோஸ்டரை அமைத்தது. குழாயை எந்தத் திசையிலும், எந்த அளவுக்கும், துல்லியமாக வளைக்கலாம். அதே நிறுவனம் 1975இல், லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பூங்காவில், திருகாணி போல முறுக்கித் தலைகீழாக்கும் கோஸ்டரைத் திறந்தது. அடுத்த வருடம்தான் ரெவல்யூஷன். கட்டியவர் ஜெர்மனியின் அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப். கணக்குப் போட்டவர் வெர்னர் ஷ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர்.

அந்தக் கணக்கைப் படித்தபோதுதான் எனக்கு வியர்த்தது.

முதலில் சந்தோஷம்தான். லூப் 90 அடி, வட்டம் என்று வைத்தால் ஆரம் 45 அடி. இரண்டரை மடங்கு போட்டால் 112.5 அடி. கோஸ்டரின் உயரம் 113! நம்ம சூத்திரத்துக்கு அடுத்து வந்துவிட்டதே என்று டீச்சரம்மாவை எழுப்பிச் சொன்னேன். "தூங்குங்க" என்றார்.

பிறகு, நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட வகுப்பில் போடாத அடுத்த வரியைப் போட்டுப் பார்த்தேன். வண்டி அந்த வட்டத்தின் அடியில் நுழையும் கணத்தில், உள்ளே இருப்பவரின் எடை எவ்வளவாகத் தெரியும்? ஆறு மடங்கு. வட்டம் சிறியதோ பெரியதோ, இரண்டரை மடங்கு உயரத்திலிருந்து விட்டால் இந்த ஆறு மாறாது. 50 கிலோ ஆள் 300 கிலோ போல அழுந்துவார். நம் தலை மட்டும் ஏறக்குறைய 5 கிலோ. அது 30 கிலோவாகிக் கழுத்தின் மேல் உட்காரும். அதுவும் மெல்ல மெல்ல ஏறாது. நேர்கோட்டில் ஒரு மடங்காக இருந்தது, வட்டம் தொடங்கும் அந்த ஒரே புள்ளியில் ஆறு மடங்காகிவிடும்.

"அந்த எடத்துல கழுத்து என்ன சார் ஆகும்?"

ஷ்டெங்கல் பயன்படுத்திய தீர்வுக்குக் 'க்ளோதாய்ட்' என்று பெயர். போகப் போகச் சீராக வளைவு கூடிக்கொண்டே வரும் கோடு. வேகம் அதிகமாக இருக்கும் கீழ்ப்பகுதியில் ஆரம் பெரிது, வேகம் குறைந்துவிடும் உச்சியில் ஆரம் சிறிது. கீழே ஆரத்தை இரு மடங்காக்கினாலே போதும், அந்த ஆறு மடங்கு மூன்றரையாகக் குறையும். அதுவும் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். உச்சியில் ஆரம் சிறியது என்பதால், குறைந்த வேகத்திலும் உடம்பு இருக்கையோடு ஒட்டியே இருக்கும். நம் தூக்குவாளித் தண்ணீர் மாதிரி. அதனால்தான் முதலில் இந்த வண்டியில் மடிக்குக் குறுக்கே ஒரு கம்பி மட்டும் வைத்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் தோளை அழுத்தும் பட்டைகளைச் சேர்த்தார்கள். தலை அதில் மோதுகிறது என்று பலரும் குறைப்பட்டார்கள். 2016இல் வண்டிகளைப் புதிதாக்கியபோது தோள்பட்டையை எடுத்துவிட்டு, மறுபடி மடிக் கம்பிக்கே வந்துவிட்டார்கள்.

இந்த க்ளோதாய்ட் எங்கிருந்து வந்தது தெரியுமா? நெடுஞ்சாலையிலும் ரயில் பாதையிலும் நேர்ப்பாதைக்கும் வளைவுக்கும் நடுவே போடும் இணைப்பு வளைவுகளின் குடும்பம்தான் அது. சுத்தியலும் ஸ்பேனருமாகத் தினமும் தண்டவாளத்தின் மேல் நடக்கும் ஒரு கீமேன், சாப்பிடும்போது மகளிடம் சொல்லக்கூடிய விஷயம். அந்தப் பெண் அதை அப்படியே என் போர்டுக்குக் கொண்டுவந்தாள். நான் அவளை உட்கார வைத்தேன். அப்போது ரெவல்யூஷன் திறந்து பத்து வருடம் ஆகியிருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே வளைவை நான் பி.எஸ்ஸி. ஒளியியலில் 'கார்னு சுருள்' என்ற பெயரில் படித்திருக்கிறேன். படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். ரயிலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பரீட்சைக்குப் படித்தவன் நான், யோசித்தவள் அவள்.

அன்று நேரமில்லை, போர்ஷன் முடிக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. எனக்கு விடை தெரியவில்லை. ஐம்பது பேர் முன்னால் "தெரியலம்மா, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை மறைக்கத்தான் அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன்.

பேரன் இறங்கி வந்ததும், "கீழ வரும்போது எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டிருந்தேன். "யாரோ மெதுவா தோளப் புடிச்சு அமுக்கின மாதிரி இருந்துச்சு தாத்தா, அவ்ளோதான்" என்றான். கழுத்து வலிக்கிறதா என்றும் கேட்டேன். இந்தத் தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்பது போல் பார்த்தான்.

அந்தப் பெண் பிளஸ் டூ முடித்து என்ன படித்தாள், எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனது என்று மட்டும் கேள்விப்பட்டேன். 86-87 பேட்ச் பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது தொடர்பு இருந்தால் இந்தப் பதிவை அவளுக்கு அனுப்புங்கள். பெயரை இங்கே போட வேண்டாம். எனக்குத் தனியாகச் சொன்னால் போதும்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு நான் புதிதாக அறிவுரை சொல்லப் போவதில்லை. நான் செய்ததைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அம்மா, நீ இதைப் படித்தால்: உன் கேள்விக்கு விடை தர இத்தனை வருடம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். கழுத்து உடையும் அளவுக்குத்தான் என் படம் இருந்தது. நீ சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வளைத்த பிறகுதான் அவர்களால் அதைக் கட்ட முடிந்தது. உன் அப்பா நலமாக இருந்தால் அவரிடமும் சொல், அவர் சொன்னது சரி என்று.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்