ஏறவும் இறங்கவும் ஓர் இருக்கை

மலைவாழ் மக்களுக்கு ஏற்றமும் புதிதன்று, இறக்கமும் புதிதன்று. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்த குழந்தை, நடை பழகும்போதே சரிவில் காலூன்றும் முறையையும் பழகிக்கொள்கிறது. ஏறுவதற்கு வேண்டுவது உழைப்பு; இறங்குவதற்கு வேண்டுவது அறிவு. கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து, மழையில் நனைந்த மண்படிகளில் இறங்கிய தாய்மார்கள் இவ்வுண்மையை ஏட்டில் கற்றவர்கள் அல்லர். தம் கால்கள் கற்பிக்கக் கற்றவர்கள்.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் கண்டு குறித்த மலைநாடு இது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் நிறுவனத்தின் தோட்டம் தோன்றியது. காடு திருத்திச் செடி நட்டுப் பாதை வெட்டியவர்களுள் தமிழர் பெரும்பங்கு கொண்டனர். அன்று கொழுந்துச் சுமைக்காக வெட்டிய தடங்களை ஒட்டியும், அவற்றைச் சூழ்ந்த காட்டு வழிகளிலும் இன்று மலை மிதிவண்டிகள் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோருள் அத்தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கின்றனர்.

மிதிவண்டியில் மேடேறும்போது இருக்கை உயர்ந்திருத்தல் வேண்டும். மிதியைக் கீழே அழுத்துகையில் கால் ஏறத்தாழ முழுமையாக நீண்டால்தான் தொடையின் வலிமை வீணாகாது. இறங்கும்போதோ அதே இருக்கை பகையாகிவிடுகிறது. உடலைத் தாழ்த்திப் பின்னுக்குக் கொண்டுசெல்ல முடியாமல் அது தடுக்கிறது. முன்சக்கரம் ஒரு வேரிலோ கல்லிலோ இடறினால், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுவார். ஏற்றத்திற்கு உயரமும் இறக்கத்திற்குத் தாழ்வும் தேவைப்படுகின்றன; ஒரே இருக்கை இரண்டுக்கும் எவ்வாறு உதவும்?

இவ்வினாவிற்கு விடை காண முயன்றவர்களுள் அமெரிக்கரான ஜோ பிரீஸ் குறிப்பிடத்தக்கவர். அவரும் ஜோஷ் ஏஞ்சல் என்பவரும் 1984-இல் ‘ஹைட்-ரைட்’ என்னும் சுருள்வில் ஒன்றை அமைத்தனர். பிடியைத் தளர்த்தி இருக்கையைத் தாழ்த்தலாம். மீண்டும் தளர்த்தினால் வில் அதனை மேலே எழுப்பும். அதன் வழிவந்ததே இன்று ‘டிராப்பர்’ என்று கடைகளில் வழங்கும் இறங்கு தண்டு. கைப்பிடியில் உள்ள சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்தி, உடல் எடையால் இருக்கையை அமிழ்த்தலாம். எழுந்து நின்று மீண்டும் அழுத்தினால் அது தானே உயரும். மலைப்பாதைக்கென்று பிறந்த இக்கருவி, சாலைப் பந்தயத்திலும் தன் தகுதியை நிறுவியது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள், மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் சுலோவேனியரான மாத்தேய் மொகோரிச் இத்தகைய தண்டைப் பொருத்தி, போஜ்ஜோ குன்றின் இறக்கத்தில் அனைவரையும் முந்தி வாகை சூடினார்.

தானா ராத்தாவில் பணிபுரியும் ஓர் இளைஞன். தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இறக்கம் வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, இருக்கையைக் கையால் தாழ்த்துவது அவன் வழக்கம். ஒருநாள் மாலை, மழை நெருங்கிய அவசரத்தில் அவ்வாறு செய்யாமல் இறங்கினான். தேயிலைச் செடிகளுக்கிடையே தூக்கி எறியப்பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்தான். இரண்டு மாத வருமானம் போயிற்று. நலம் பெற்றதும் இறங்கு தண்டு ஒன்று வாங்கத் துணிந்தான். விலையோ அவனுடைய அரைமாதச் சம்பளம்.

அவன் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். மகன் படங்களைக் காட்டி, “கடைக்காரரு இதான் ரொம்ப ஒசத்தின்னு சொல்றாருப்பா” என்றான்.

“எது ஒசத்தின்னு கேக்காதே, தம்பி. கெட்டுப்போனா யாரு சரிபண்ணுவாங்கன்னு கேளு” என்றார் அவர்.

கிள்ளிய கொழுந்து காத்திருப்பதில்லை. கொழுந்து உருட்டும் இயந்திரம் நின்றுவிட்டால், தொலைவிலிருந்து ஆள் வரும்வரை இலை பொறுத்திருக்குமா? அவ்விடத்திலேயே, கையிலுள்ள கருவியைக் கொண்டே சரிசெய்யக்கூடிய பொறியே அவருக்கு நம்பகமான பொறி. அவர் கேட்டது ஆண்டுகள் பலவற்றின் பட்டறிவு.

அவ்வினாவை உரைகல்லாகக் கொண்டு இளைஞன் ஆராய்ந்தான். எண்ணெய் அழுத்தத்தால் இயக்கப்படும் வகை விரலுக்கு மென்மையானது. ஆயினும் குழாயினுள் காற்று புகுந்துவிட்டால், அதனை வெளியேற்றத் தனிக்கருவியும் பயிற்சியும் வேண்டும். கம்பியால் இயக்கப்படும் வகைக்கு, பல்சக்கரம் மாற்றும் கம்பி போன்றதொரு கம்பியே போதும். சாதாரண மிதிவண்டிக் கடையிலும் அது கிடைக்கும். வில்லும் முளையும் கொண்ட எளிய வகை சேற்றுக்கு அஞ்சாதது. ஆனால் குறித்த சில உயரங்களில் மட்டுமே நிற்கும். தண்டின் உள்ளே வாயுவும் எண்ணெயும் அடைத்த உருளை இருக்குமாயின், அதனை மட்டும் தனியே மாற்ற முடியுமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். முடியாதெனில், உருளை கெட்ட நாளில் தண்டு முழுவதுமே வீண்.

அடுத்தது அளவு. இருக்கைக் குழாயின் உள்விட்டம் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் எனப் பலவாறு அமையும்; பொருந்தாத தண்டு எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை. அவன் வண்டியில் கழுத்து வளையத்திற்கு மேல் தண்டு 210 மில்லிமீட்டர் வெளியே நின்றது. தலைப்பகுதிக்குரிய இடத்தைக் கழித்து, 150 மில்லிமீட்டர் இறங்குவதே தனக்கு ஏற்றது என்று தெளிந்தான். குழாயின் வளைவு தடுக்காதவாறு, உள்ளே செல்லும் ஆழத்தையும் அளந்தான். இறுதியில், உருளை மாற்றத்தக்க, கம்பியால் இயங்கும் நடுத்தர விலைத் தண்டையே வாங்கினான்.

வாங்குவதோடு கடமை முடிவதில்லை. கழுத்து வளையத்தை அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு மெல்ல எழும். சில வேளை எழாமலே நிற்கும். சேற்றைத் துடைக்காவிட்டால், அடைப்பு வளையம் தேய்ந்து மண் உள்ளே புகும். தாழ்ந்த நிலையிலுள்ள இருக்கையைப் பற்றி வண்டியைத் தூக்கினால், சில வகைகளில் எண்ணெயோடு வாயு கலந்து இருக்கை தொய்யும். மழை மிகுந்த கேமரன் மலையில் இவை சிறு செய்திகள் அல்ல.

மழைக்காலம் ஒன்று கடந்தபின் ஒருநாள், காட்டுத் தடத்தில் நெம்புகோல் இயங்கவில்லை. கம்பியில் துருவும் சேறும் ஏறியிருந்தன. இருக்கை உயர்ந்தபடியே நின்றது. இளைஞன் இறக்கத்தில் ஏறி ஓட்டவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே லயம் வந்து சேர்ந்தான். அன்றிரவு தந்தையார் விளக்கைப் பிடித்துக்கொள்ள, அவனே புதுக் கம்பி மாற்றினான். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்பது ஓர் அதிகாரம். ஒருவரை ஆராய்ந்த பின்னரே நம்புதல் வேண்டும் என்பதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதல் கூடாது என்பதும் அதன் கருத்துகளுள் அடங்கும். அரசன் ஆளைத் தேர்வதற்குச் சொன்ன அந்நெறி, எளியவன் ஒரு கருவியைத் தேர்வதற்கும் பொருந்துகிறது. ஒருபோதும் பழுதுபடாத பொருள் உலகில் இல்லை. பழுதுபட்டாலும் உயிருக்கு ஊறு செய்யாததும், உடையவன் கையாலேயே சீர்பெறுவதுமே நம்பத்தக்க பொருள். மாணவர்க்குக் கருவிகளின் பெயர்களைக் கற்பிக்கும் நாம், அவற்றைத் திறந்து பார்க்கும் துணிவையும் கற்பித்தல் வேண்டும். தோட்டத்துப் பாட்டிமார்களுக்குச் சரிவைக் கற்பித்தவை அவர்தம் கால்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதனைக் கைகளும் சேர்ந்து கற்பிக்கட்டும்.