மடக்கி விரிக்கும் வீடு



அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் வசிக்கும் எங்கள் குடும்பத்திடம் ஏழு ஆண்டுகள் ஒரு பாப்-அப் கேம்பர் இருந்தது. கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், "நாங்களும் ஒன்று வாங்கலாமா?" என்று சகோதரிகள் பலர் கேட்பதுண்டு. அவர்களுக்குத் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே ஒருசேர எழுதுகிறேன்.

இது காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தாழ்வான பெட்டி வண்டி. முகாமிடம் சேர்ந்ததும் கைப்பிடியைச் சுழற்றினால் கூரை உயரும். முன்னும் பின்னும் படுக்கைகளை வெளியே இழுத்தால் கித்தான் சுவர்கள் விரிந்து ஓர் அறையாகிவிடும். ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்திற்கு விடுதியில் இரண்டு அறைகள் எடுக்கும் செலவு மிச்சமாயிற்று. ஹலால் உணவைத் தேடி அலையாமல் நாமே சமைத்துக்கொள்ளலாம். ஈரத் தரையில் படுக்க வேண்டியதில்லை. வட்டிக்கடனில் புதிய வண்டி வாங்க விரும்பாமல், சேமித்த பணத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். வாங்குவது எளிதாகவே முடிந்தது. வைத்துப் பராமரிப்பதில்தான் பொறுமை தேவைப்பட்டது.

முதலில் எடையைக் கவனிக்க வேண்டும். கார் எவ்வளவு இழுக்கும் என்பது மட்டும் கணக்கல்ல. காரில் அமரும் பிள்ளைகளும் ஏற்றும் சாமான்களும் அந்தக் கணக்கில் சேரும். கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை காரின் கொக்கி மீது அமர வேண்டும். அரிசி மூட்டையையும் மிதிவண்டிகளையும் பின்புறத்தில் அடுக்கினால் கொக்கியின் மீதுள்ள பாரம் குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி வால் ஆட்டத் தொடங்கும். அது உயிருக்கே ஆபத்து. டயர்களும் அப்படித்தான். ஆண்டில் சில வாரங்களே ஓடுவதால் தேய்ந்திருக்காது. ஆனால் வெயிலும் வயதும் ரப்பரை வெடிக்கச் செய்துவிடும். ஐந்தாறு ஆண்டுகளில் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

அடுத்தது, விரிக்கும் வேலை. எட்டு மணி நேரப் பயணத்தின் முடிவில், பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உழைக்க வேண்டும். சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்து இடம் வலம் சமப்படுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, அதன் பிறகே காரிலிருந்து கழற்ற வேண்டும். மூலைகளில் உள்ள தாங்கு கால்கள் ஆட்டத்தை நிறுத்துவதற்கானவை; வண்டியின் பாரத்தைத் தூக்குவதற்கானவை அல்ல. கூரை மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் எதுவும் கைக்கு எட்டாது. எனவே தொழுகை விரிப்பு, மருந்து, மாற்றுடை, சிற்றுண்டி ஆகியவை காரிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை மழைதான். கிளம்பும் நாளில் மழை பெய்தால் நனைந்த கித்தானையே மடக்கியாக வேண்டும். ஓரிரு நாள் அப்படியே விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்தக் கறையும் வாடையும் எளிதில் போகா. லடிங்டன் மாநிலப் பூங்காவிலிருந்து நனைந்து திரும்பிய ஒவ்வொரு முறையும், மறுநாள் வீட்டு வாசலில் வண்டியை முழுதாக விரித்துக் காயவைத்தோம். எங்கள் குடியிருப்புச் சங்கமோ வாசலில் வண்டி நிற்பதை அனுமதிக்காது. ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, மற்ற நாட்களில் மாத வாடகைக்கு வேறிடத்தில் நிறுத்தினோம். குளிர்காலம் வருமுன் தண்ணீர்க் குழாய்களைக் காலி செய்ய வேண்டும். இல்லையேல் உறைந்து வெடிக்கும். கூரையில் சேரும் பனியைத் தள்ள வேண்டும். கித்தானைக் கடித்துக் கூடு கட்டும் எலிகளையும் மறக்கக் கூடாது.

இரவுக் குளிரைக் கித்தான் தடுக்காது. கேஸ் அடுப்புக் கணப்பின் விசிறி மின்கலத்தின் சக்தியை விரைவாகக் குடித்துவிடும். எவ்வளவு குளிர்ந்தாலும் கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். அதன் நச்சு வாயுவுக்கு வாடை இல்லை, உறக்கத்திலேயே உயிர் போய்விடும். கரடிகள் நடமாடும் சில முகாம்களில் துணிச் சுவர் வண்டிகளுக்கு இடமே தருவதில்லை. எல்லோஸ்டோன் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாம் அப்படிப்பட்டது. முன்பதிவு செய்யும் முன் விதிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டியின் தொட்டியில் 15 கேலன் தண்ணீர்தான் பிடிக்கும். சமையல், பாத்திரம், ஐவரின் உளூ அனைத்தும் அதற்குள் நடக்க வேண்டும். கழிவு நீரையும் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. வாளியில் சுமந்து உரிய இடத்தில் ஊற்ற வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருந்தோம். இரு கைகளாலும் அள்ளும் அந்த அளவை ஒரு குவளையில் அளந்து பயன்படுத்தியபோதுதான், வீட்டுக் குழாயில் எவ்வளவு வீணாகிறது என்பது அவர்களுக்கு விளங்கியது.

ஏழாம் ஆண்டில் கூரையின் ஒரு மூலையை உட்புறமிருந்து அழுத்திப் பார்த்த என் கணவர், மரம் மெத்தென்று அமுங்குவதைக் கண்டார். மேலே தகடு பளபளப்பாக இருந்தது. உள்ளே ஈரம் ஊறியிருந்தது. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் மதிப்பையே மிஞ்சும். விற்க முடிவு செய்தோம். "வெயில் நாளில் காட்டுங்கள், யாருக்கும் தெரியாது" என்றார் நண்பர் ஒருவர். பார்க்க வந்ததோ இரண்டு சிறு குழந்தைகளுடன் ஓர் இளம் தம்பதி. மகனின் கல்லூரிக் கட்டணத்திற்கு அந்தப் பணம் எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் எல்லோரும் அறிவோம். என் கணவர் அந்த இளைஞரின் கையைப் பிடித்து, கூரையின் அந்த மூலையிலேயே வைத்து அழுத்தச் சொன்னார். இளைஞர் மனைவியுடன் நெடுநேரம் பேசினார். பிறகு, தாமே மரவேலை தெரிந்தவர் என்று கூறி, நாங்கள் எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். மீதித் தொகைக்காக மகன் அந்தக் கோடை முழுவதும் வேலைக்குப் போனான். அதைப் பற்றி அவன் முணுமுணுக்கவில்லை; அவனும் அந்தக் கூரையைத் தொட்டுப் பார்த்திருந்தான்.

ஆகவே, சகோதரிகளே, வாங்குங்கள். ஆனால் பழைய வண்டி என்றால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். கூரையின் நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள். முழுவதையும் விரித்து, மீண்டும் மடக்கிக் காட்டச் சொல்லுங்கள். உலர்த்த இடமும் நிறுத்த இடமும் உறுதியான பிறகே பணம் கொடுங்கள். அல்லாஹ் உங்கள் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவானாக.