சப்பிரகமுவத் தோட்டங்களில் வேதம் தரும் நம்பிக்கை

கொழும்பிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ 35 மைல் சென்றால் அவிசாவளையை அடைகின்றோம். அங்கே வழி இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று தெஹியோவிற்ற, கரவனல்லை, எட்டியாந்தோட்டை ஆகிய ஊர்களினூடாகக் களனி கங்கையின் பள்ளத்தாக்கில் ஏறி அட்டனுக்குச் செல்கின்றது. மற்றையது இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என நீள்கின்றது. முன்னது கேகாலை மாவட்டத்தையும், பின்னது இரத்தினபுரி மாவட்டத்தையும் ஊடறுத்துச் செல்வன. இவ்விரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம்.

இவ்வழியே பயணஞ் செய்வோர் பலர். சிவனொளிபாதமலைக்கு இரத்தினபுரிப் பக்கமாக ஏறும் அடியார்கள் ஒரு சாரார்; மாணிக்கம் வாங்கவும் விற்கவும் வருவோர் ஒரு சாரார்; கித்துல்கலையில் ஆற்றின் வேகத்தோடு விளையாட வரும் இளைஞர்கள் மற்றொரு சாரார். ஆயினும் நாம் இன்று வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புவது, பெருந்தெருவிலிருந்து விலகித் தோட்டப் பாதைகளில் ஏறினால் காணப்படும் சிறிய ஜெப வீடுகளுக்கேயாகும். அங்கே வேதாகமம் எவ்வாறு வாசிக்கப்படுகின்றது, அவ்வாசிப்பு அன்றாட வாழ்வுக்கு என்ன கொடுக்கின்றது என்பதை அறிவது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும் பயன்தரும் என்பது எமது எண்ணம்.

இறப்பர் நாடு

சப்பிரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவின் குளிர்ந்த தேயிலை மலைகளைப் போன்றவை அல்ல. இது மழையும் புழுக்கமும் நிறைந்த நாடு. தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் மாறி மாறி வளர்கின்றன. 1902 இல் கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு வந்த சிறிய இருப்புப்பாதை, 1903 இல் எட்டியாந்தோட்டைக்கும், 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஒப்பநாயக்கவுக்கும் நீண்டது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942 இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் ஒப்பநாயக்க வரை சென்ற பாதையும் 1976 இல் மறைந்தது. தண்டவாளங்கள் போய்விட்டன, அவற்றின் வழியே இறப்பரையும் தேயிலையையும் ஏற்றி அனுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அத்தோட்டங்களிலேயே வாழ்கின்றனர்.

பால் வெட்டும் தொழிலாளியின் நாள் விடியுமுன்னரே தொடங்குகின்றது. குளிர்ச்சி நீங்குமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை மெல்லியதாகச் சீவி, சிரட்டையைப் பொருத்தி, நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்து, மீண்டும் வாளியுடன் சென்று பால் சேர்க்க வேண்டும். காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. இந்நாட்டிலோ மழைக்குக் குறைவில்லை. ஆகவே இங்கே வானத்தைப் பார்ப்பது வெறும் வழக்கமன்று. அன்றைய அடுப்பு எரியுமா என்று பார்ப்பதாகும்.

வேதம் வந்த வழி

தமிழிலே புதிய ஏற்பாடு முதன்முதல் அச்சேறியது தரங்கம்பாடியில். சீகன்பால்கு ஐயரின் அந்த மொழிபெயர்ப்பு 1715 இல் முழுமையாக அச்சிடப்பட்டது. கொழும்பிலும் 1759 இல் பிலிப்பு தெ மெல்லோ என்பவரின் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஆயினும் தோட்டத்து மக்களிடம் வேதம் சென்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். 1854 இல் கண்டிப் பகுதியை மையமாகக் கொண்டு, தோட்டக் கூலிகளுக்கான தமிழ் மிஷன் ஒன்று ஆங்கிலத் திருச்சபையினரால் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோறும் நடந்து சென்று, எழுதப் படிக்க அறியாதவர்களுக்கு வேதத்தைப் படித்துக் காட்டினர். கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, 1893 இல் நிறுவப்பட்ட காலி மறைமாவட்டத்தில் சப்பிரகமுவ அடங்கியிருந்தது. பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குருமார் அங்கே பணியாற்றினர். 1995 இல் இரத்தினபுரி தனி மறைமாவட்டமாயிற்று.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. 1854 இன் மிஷனுக்குத் துரைமார் சிலரும் பொருளுதவி செய்தனர். வேதம் கற்ற தொழிலாளி அடக்கமுள்ளவனாக இருப்பான் என்ற எண்ணமும் அவர்களுட் சிலருக்கு இருந்திருக்கலாம். பொறுமையைப் போதிப்பதற்கென்றே இப்புத்தகம் ஏழைகளின் கையில் கொடுக்கப்பட்டது என்று குறை கூறுவோர் இன்றும் உளர். அக்குறை முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஆனால் கொடுத்தவரின் எண்ணம் எதுவாயினும், புத்தகத்தில் எழுதியிருப்பதை மாற்ற அவர்களால் இயலவில்லை. அடிமைகளை எகிப்திலிருந்து வெளியே நடத்திய வரலாறும் அதே புத்தகத்திலேதான் உள்ளது.

சிறைப்பட்டோருக்கு ஒரு கடிதம்

எட்டியாந்தோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயன் அறையில், மாலை ஜெபக் கூட்டமொன்றில் நாம் அமர்ந்திருந்தோம். அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். சிங்களப் பாடசாலைக்குச் செல்லும் சிறுவன் ஒருவன், தமிழை எழுத்துக் கூட்டி மெல்ல வாசித்தான். வீட்டிலே அவன் வாசிக்கும் தமிழ் அந்த ஒரு புத்தகமே என்று பின்னர் அறிந்தோம். அன்று வாசிக்கப்பட்டது எரேமியா 29ஆம் அதிகாரம்.

கி.மு. 597 இல் எருசலேமிலிருந்து ஒரு கூட்டம் மக்கள் பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். இரண்டே ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று சில தீர்க்கதரிசிகள் அவர்களுக்கு ஆறுதல் கூறினர். எரேமியாவோ எருசலேமிலிருந்து வேறுவிதமாகக் கடிதம் எழுதினார். திரும்பும் நாள் வரும், ஆனால் அது 70 ஆண்டுகளுக்குப் பின்னரே. அதுவரையில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளை மணம் முடித்து வையுங்கள், நீங்கள் இருக்கும் அந்த நகரத்தின் நலனைத் தேடுங்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

வாசித்து முடிந்ததும், மூலையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் ஒருவர் வாய் திறந்தார். "ஐயா, இந்தா போறோம், அந்தா போறோம்னு எங்க அப்பா பத்து வருசமா ஒரு பலாக்கன்னுகூட வைக்கல. வச்சிருந்தா நாங்க எத்தனை பஞ்சத்துல பலாக்காய் அவிச்சுத் தின்னிருப்போம்!" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. இதனினும் சிறந்த விரிவுரையை நாம் எங்கும் கேட்டதில்லை.

அம்மூதாட்டியாரின் தந்தையார் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. 1948 இன் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும், 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. எந்த வீட்டிலே யார் போவார், யார் இருப்பார் என்று தெரியாத காலம் அது. 1977 இலும் 1981 ஆகஸ்டிலும் வன்செயல்கள் மூண்டன. 1981 இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் கொடிய துன்பத்துக்குள்ளாயின. பலர் வடக்கே வவுனியாவுக்கும், கடல் கடந்து தமிழ்நாட்டுக்கும் சென்றனர். நாடற்றோர் பிரச்சினையை முடித்து வைக்கும் சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. கணக்கிட்டுப் பார்த்தால் 55 ஆண்டுகள்! பாபிலோனின் 70 ஆண்டுகளைப் புரிந்துகொள்ள இம்மக்களுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

எரேமியாவின் கடிதம் காட்டும் நம்பிக்கை, கண்களை மூடிக்கொண்டு நாளைக்காகக் காத்திருக்கும் நம்பிக்கை அன்று. இன்றைக்கு ஒரு கன்றை நடும் நம்பிக்கை. ஆனால் கன்றை நடுவதற்கு நிலம் வேண்டுமே! லயன் அறையும் அதைச் சுற்றிய நிலமும் தோட்டத்துக்கே உரியவை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டம் சில குடும்பங்களுக்குக் கைகூடியது. பலருக்கு இன்னும் கனவாகவே உள்ளது. எனவே வீடு கட்டுங்கள் என்ற வேத வாக்கைக் கேட்பவர், அதைக் கட்ட ஒரு துண்டு நிலம் கேட்பதும் அவ்வாக்குக்குக் கீழ்ப்படிவதேயாகும் என்பதை நாம் மறத்தலாகாது.

அரைப் பேரும் முழுப் பேரும்

தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்பார்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்'. இச்சொல் வழக்கை அறிந்தவர் மத்தேயு 20ஆம் அதிகாரத்தைப் படித்தால் புதுப் பொருள் காண்பர். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையிலும், பின்னர் பகலில் பலமுறையும், இறுதியாக மாலை 5 மணிக்கும் சந்தைவெளிக்குச் சென்று கூலியாட்களை அழைக்கின்றார். மாலையில் எல்லோருக்கும் முழு நாட்கூலியே கொடுக்கின்றார். தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று கடைசியாக நின்றவர்கள் கூறிய மறுமொழியைப் பட்டணத்து வாசகர் விரைவாகக் கடந்து செல்வர். பிரட்டுக் களத்தில் நின்று, இன்று வேலை இல்லை எனத் திரும்பியவர் அவ்வாறு கடந்து செல்ல மாட்டார். ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் வயிறு முழு வயிறுதானே! அவனுக்கும் முழுப் பேர் போட்ட அந்த எசமானைத் தோட்டத்து மக்கள் நேசிப்பதில் வியப்பில்லை.

கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுக்க வேண்டும், அவன் அந்நியனாயினும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகின்றது. கொடாமல் வைத்த கூலியே கூக்குரலிடும் என்ற பொருளில் யாக்கோபு தமது நிருபத்தில் எச்சரிக்கின்றார். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 2021 மார்ச்சிலே சட்டமானபோது, அதற்காகக் குரல் கொடுத்தோருள் வேதத்தைக் கையில் வைத்திருந்தோரும் இருந்தனர். இவ்வழியிலே முன்னோடியாக விளங்கியவர் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார். 1972 இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தை நிறுவி, தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்து, 2017 இல் மறைந்தார். செபமும் நியாயமும் ஒரே புத்தகத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர் வாழ்வு காட்டியது.

மாணிக்கக் குழியும் ஞானமும்

இனி இரத்தினபுரிக்குச் செல்வோம். நெல்வயல்களின் நடுவே ஓலைக் கூரையிட்ட மாணிக்கக் குழிகள் தென்படுகின்றன. ஆழத்தில் 'இல்லம்' எனப்படும் சரளைப் படை இருக்கின்றது. அதை மேலே ஏற்றி, கூடையிலிட்டுக் கழுவி, கல் இருக்கின்றதா எனத் தேடுகின்றனர். கல் கிடைத்தால் பங்கு உண்டு. கிடைக்காவிடில் உழைப்பு மண்ணோடு மண்ணாயிற்று. தோட்டத்து இளைஞர் சிலரும் இக்கனவில் குழியிலே இறங்குகின்றனர்.

யோபுவின் 28ஆம் அதிகாரத்தைப் படிக்க இதனினும் பொருத்தமான இடம் உலகில் இல்லை எனலாம். மனிதன் இருளுக்குள் சுரங்கம் அகழ்கின்றான், நீலக்கல்லைக் கண்டெடுக்கின்றான். ஆனால் ஞானம் எந்தக் குழியில் கிடைக்கும் என்று அவ்வதிகாரம் வினவுகின்றது. எந்த மாணிக்கத்தாலும் அதை விலைக்கு வாங்க இயலாது. கடவுளுக்கு அஞ்சி நடப்பதும் தீமையை விட்டு விலகுவதுமே ஞானம் என்று முடிகின்றது. ஒரே நாளில் வாழ்வு மாறிவிடும் என்ற ஆசையே நம்பிக்கை என்று நாம் பலமுறை மயங்குகின்றோம். கல் கிடைக்காத நாளிலும் நேர்மையாக வீடு திரும்புபவனிடமே உண்மையான நம்பிக்கை உள்ளது.

அயலாரின் நலன்

2016 மே 17 ஆம் நாள், தொடர்ந்து பெய்த பெருமழையால் கேகாலை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத்து லயன்களும் மண்ணுக்குள் புதைந்தன. நல்லோர்மேலும் தீயோர்மேலும் மழை பெய்விக்கும் தந்தையைப் பற்றி மலைப் பிரசங்கத்தில் இயேசு பேசுகின்றார். அந்த மே மாதத்து மழையும் இனம் பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. இருக்கும் ஊரின் நலனைத் தேடுங்கள் என்ற எரேமியாவின் சொல்லுக்கு இங்கே தனிப் பொருள் உண்டு. கிறிஸ்தவர்கள் இத்தோட்டங்களில் சிறு தொகையினர். பக்கத்து லயனில் மாரியம்மனைத் தொழுவோர். மலைக்குக் கீழே புத்தரை வணங்குவோர். எல்லோருடைய சமாதானத்திலுமே ஒவ்வொருவருடைய சமாதானமும் அடங்கியுள்ளது.

வேதத்தில் நம்பிக்கையைத் தேடும் குடும்பங்களுக்குச் சப்பிரகமுவ மக்களிடமிருந்து நாம் கற்ற இரண்டொரு பழக்கங்களைக் கூறுதல் தகும். நாள்தோறும் ஒரே வேளையில், சிறிய பகுதியேனும், உரக்க வாசியுங்கள். வாசிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள இளையவரிடம் கொடுங்கள். மொழியும் வளரும், உறவும் வளரும். பொருள் சொல்லும் உரிமையை முதியவருக்குக் கொடுங்கள்; அவர் வாழ்ந்து கண்ட பொருள் எந்த நூலிலும் இல்லை. பின்னர், வாசித்ததற்கேற்ப மறுநாள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அது அயலாருக்கு ஒரு பிடி அரிசியாக இருக்கலாம். ஒருவருக்கு வரவேண்டிய கூலியைக் கேட்டுக் கொடுப்பதாக இருக்கலாம். வீட்டின் பின்புறத்தில் நடும் ஒரு பலாக்கன்றாகவும் இருக்கலாம். அதன் கனியை உண்பவர் யார் என்பது நமக்குத் தெரியாது. நடவேண்டியது நாம் என்பது மட்டும் தெரியும்.